பிக்கப் வண்டிக்கு ஆஃப்ரோடு டயர்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் வாங்கிய பலர், ஓராண்டு முடிவதற்குள்ளேயே கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய பட்டன் (தரையைக் கடிக்கும் ரப்பர் கட்டி) வைத்த டயரைப் போட விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் கடையில் அடுக்கியிருப்பவற்றில் எது முரட்டுத்தனமாகத் தெரிகிறதோ அதைக் கைகாட்டி வாங்கிவிடுவது பெரிய தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன.

எம்/டி எனப்படும் சேற்று டயரில் பட்டன்களுக்கு இடையே அகலமான இடைவெளி விட்டிருப்பது, ஒட்டிய சேறு சக்கரம் சுழலும் வேகத்தில் தெறித்து வெளியேறுவதற்காகத்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டியை இறக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். சாதாரண டயரின் பள்ளங்களை அந்தக் களி சில அடி தூரத்திலேயே நிரப்பி, டயரை வழுவழுவென்று ஆக்கிவிடும். அதன் பிறகு இன்ஜினுக்கு எவ்வளவு இழுவை இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதே எம்/டி டயர் ஈரமான தார்ச்சாலையில் வேறு முகம் காட்டுகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நீரை வழித்தெடுக்கும் மெல்லிய கீறல்களும் குறைவு என்பதால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். கூடவே ஓயாத இரைச்சல், வேகமான தேய்மானம், கூடுதல் டீசல் செலவு.

மணலிலும் இந்த டயரைப் பெரிதாக நம்ப முடியாது. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதியின் செம்மணல் தேரியில் என் வண்டி ஒருமுறை அச்சு வரை புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, அந்தப் பெரிய பட்டன்கள் மண்வெட்டிபோல மணலை அள்ளிப் பின்னால் எறிந்து குழியை இன்னும் ஆழமாக்கின. இன்ஜினை நிறுத்திவிட்டு, நான்கு டயர்களிலும் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கி, சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வழித்த பிறகு, வண்டி மெதுவாகத் தானே ஏறி வந்தது. காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீளமாகி, எடை பரவி, வண்டி மணலின் மேல் மிதந்தாற்போல நகரும் என்பதே காரணம். மணலில் பட்டனைவிடக் காற்றழுத்தமே பெரிது. ஆகையால் டயருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பிரஷர் கேஜுக்கும் கையடக்கக் கம்ப்ரசருக்கும் ஒதுக்குங்கள். 15க்குக் கீழே இறக்கினால், திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்காமல் ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும்.

வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்றால், ஏ/டி எனப்படும் இருவகைப் பயன்பாட்டு டயரே போதும் என்பது என் உறுதியான கருத்து. கரிசல் காட்டுக்கு நாள்தோறும் போகிறவருக்கே எம்/டி தேவை.

அடுத்தது அளவு. பக்கச்சுவரில் 265/65 ஆர்17 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். மொத்த விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர் வரும். இதற்குப் பதில் 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 803 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். ஒரு சுற்றுக்குச் சக்கரம் கூடுதல் தூரம் உருள்வதால், பாரத்தோடு மேடேறும்போது இழுவை குறையும். கடையில் நேராக நிற்கும்போது உரசாத டயர், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது மட்கார்டின் உட்புறத்தைத் தேய்க்கத் தொடங்கும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பிக்கப் என்பது பாரம் ஏற்றும் வண்டி என்பதை மறப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அளவுக்குப் பின்னால் 112எஸ் என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்; எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. இந்த எண் கம்பெனி டயரில் இருப்பதைவிடக் குறையவே கூடாது. எல்டி (லைட் டிரக்) என்று தொடங்கும் கனத்த டயர்களில் 121/118 என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, மற்றது பின்னச்சில் இரட்டையாக மாட்டும்போது. 121 என்றால் 1,450 கிலோ. ஆனால் அந்தத் தாங்குதிறன் முழு அழுத்தத்தில்தான் கிடைக்கும். லோடு ரேஞ்ச் இ என்ற தாங்குதிறன் குறியீடு உள்ள வகையில் அது 80 பிஎஸ்ஐ. கதவோரத்து ஸ்டிக்கரில் கம்பெனி டயருக்காக அச்சிட்ட அழுத்தத்தையே எல்டி டயரிலும் வைத்துக்கொண்டு பாரம் ஏற்றினால், டயர் பழையதைவிடக் குறைவாகவே தாங்கும். தயாரிப்பாளரின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஏற்றப்போகும் எடைக்கு ஏற்றபடி காற்று வையுங்கள். கூரிய பாறைகள் நிறைந்த தடங்களில் எல்டி டயரின் தடித்த பக்கச்சுவர் உண்மையிலேயே உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கடையில் அதற்கு மருந்து கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் புதிதாக இருந்தாலும், கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குவதே நல்லது. அளவு மாறிய ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பிடிப்புள்ள தரையில் ஃபோர்வீல் போட்டு ஓட்டினால், முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று கியர்பெட்டிகளை முறுக்கும். பெரிய டயரைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது சரக்குத் தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் நுழைகிறதா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.