எண்பது ஷீட்டை ஒரே மூச்சில் பிரின்ட் போடுவதற்கு முன்

ஒரே ஒரு டிராயிங்கைப் பிளாட் (பிரின்ட்) செய்யும்போது கை தானாகவே பிரிவியூவை அழுத்திவிடும். எண்பது ஷீட்டை, வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் பல ஷீட்டை ஒன்றாக அடிக்கும் பப்ளிஷ் பட்டியலில் ஏற்றினால் அந்தப் பார்வை போய்விடுகிறது. பிறகு கோளாறு வந்தால் "பப்ளிஷ் சரியில்லை" என்கிறோம். பப்ளிஷ் பாவம், கோப்பில் இருப்பதைத்தான் அது அடிக்கிறது. கோளாறு பெரும்பாலும் ஏதாவது ஒரு லேஅவுட்டின் (ஷீட்டை அடுக்கி வைக்கும் பக்கம்) பேஜ் செட்டப்பில், அதாவது தாள், ஸ்கேல், பிரின்டர் முதலிய அமைப்புகளில், முன்பே குடியிருக்கும்.

எனக்கு மறக்காத ஒன்று இது. கட்டடத் தொகுப்பு ஒன்று, எல்லாம் ஏ1 தாளில், 1:100 அளவில். தளத்திலிருந்து போன் வந்தது: 12 மீட்டர் கூடம் தாளில் 120 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேலை வைத்தால் 116-ஐத்தான் தாண்டுகிறது. மற்ற ஷீட்டெல்லாம் சரி. கோப்பைத் திறந்து பார்த்தால், ஷீட் எல்லைக்கு 25 மி.மீ. வெளியே யாரோ விட்டுப்போன ஒற்றை எழுத்து. அந்த லேஅவுட்டில் பிளாட் ஏரியா 'எக்ஸ்டென்ட்ஸ்' (வரைந்திருக்கும் எல்லாமும்), ஸ்கேல் 'ஃபிட் டு பேப்பர்'. அந்த எழுத்தையும் சேர்த்து 866 மி.மீ. அகலத்தை 841 மி.மீ. தாளுக்குள் அடைத்ததில் முழு வரைபடமும் மூன்று சதவீதம் சுருங்கிவிட்டது. திரையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. "இதை அளந்து பார்க்காதீர்" என்று டைட்டில் பிளாக்கில் (தாளின் விவரக் கட்டம்) எழுதியிருந்தாலும் தளத்தில் அளக்கத்தான் செய்வார்கள்.

பிளாட் ஏரியாவை 'லேஅவுட்' என்று வைத்து, ஸ்கேலை 1:1 ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பேப்பர் ஸ்பேஸில் (லேஅவுட்டின் தாள் பரப்பு) அளவை வியூபோர்ட்டே, அதாவது வரைபடத்தைக் காட்டும் சன்னலே, பார்த்துக்கொள்ளும். வியூபோர்ட்டைப் பூட்டி வைக்க மறக்க வேண்டாம். பெயர் கொடுத்த ஒரே பேஜ் செட்டப்பை உருவாக்கி, பிஎஸ்இடியுபிஐஎன் கட்டளையில் மற்றக் கோப்புகளுக்கும் கொண்டு போங்கள். பப்ளிஷ் பட்டியலில் எல்லா ஷீட்டையும் தேர்ந்தெடுத்து அந்த ஒன்றையே கொடுத்தால் போதும். ஆளுக்கொரு செட்டப் வைத்திருக்கும் கோப்புகளை அப்படியே ஏற்றினால், நடுவில் ஒரு ஷீட் மட்டும் எப்போதோ கழற்றிப்போட்ட பிரின்டரைத் தேடிக்கொண்டு நிற்கும்.

ஏ1-இல் அமைத்ததை ஏ3-இல் எடுத்தால் நீளங்கள் சரிபாதி ஆகும். 1:100 என்பது 1:200 ஆகிவிடும். டைட்டில் பிளாக்கில் மட்டும் 1:100 என்றே நிற்கும். தாள் சுருங்கினால் கூடவே சுருங்கும் ஸ்கேல் பார் ஒன்றை வரைந்து வைப்பது நல்லது.

அடுத்தது கோட்டுத் தடிமன். சிடிபி என்ற பிளாட் ஸ்டைல் கோப்பு, பொருளின் நிறத்தைப் பார்த்துத்தான் தடிமனைத் தருகிறது. வேறொருவரின் கணினியில் அந்த சிடிபி இல்லையென்றால் வரைபடம் கலரில் வந்துவிடும், மஞ்சள் எழுத்து வெள்ளைத் தாளில் காணாமல் போகும். இதில் ஒரு நுணுக்கம்: ட்ரூ கலர் (எண்ணிட்ட நிறப் பட்டியலில் இல்லாத ஆர்ஜிபி நிறம்) கொடுத்த பொருள்களை மோனோகுரோம் சிடிபி கட்டுப்படுத்தாது. கறுப்பு வெள்ளைத் தொகுப்பின் நடுவே ஒரு குழாய் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் சிரித்தால் காரணம் அதுதான். எஸ்டிபி முறையில் (நிறத்துக்குப் பதில் பெயரிட்ட ஸ்டைல்) அமைந்த கோப்புக்கு சிடிபியைக் கொடுத்தாலும் ஒட்டாது. வெளியாளிடமிருந்து வந்த கோப்பென்றால் இதை முதலில் பாருங்கள். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் தெரியாமல் எதையாவது வரைந்திருந்தால் திரையில் தெரியும், தாளில் வராது.

எக்ஸ்ரெஃப் (வரைபடத்தில் இணைத்த வேறொரு கோப்பு) விடுபட்டால் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் பாதை மட்டும் பொடி எழுத்தில் நிற்கும். பிறர் அனுப்பிய கோப்புகளில் இது சகஜம்; அவர்களுடைய டிரைவ் எழுத்து உங்களிடம் இருக்காது. பாதையை ரிலேட்டிவ் ஆக்குங்கள். கோப்பு அனுப்புகிறவர் இடிரான்ஸ்மிட் கட்டளையைப் பயன்படுத்தினால் எக்ஸ்ரெஃப், ஃபான்ட், சிடிபி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடலாம்.

பப்ளிஷ் எடுப்பது வட்டில் கடைசியாகச் சேமித்த வடிவத்தை. பக்கத்து இருக்கை நண்பர் ரிவிஷன் எழுத்தை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் டீ குடிக்கப் போயிருந்தால், உங்கள் தொகுப்பில் பழைய ரிவிஷன்தான் வரும். எல்லோரையும் சேமிக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

சில்லறைத் தவறுகளும் உண்டு. தாள் அமைப்பில்லாத மூல வரைபடமான மாடல் டேபையும் பட்டியலில் விட்டுவிடுவது ஒன்று. ஷீட் எண்ணை 1, 2, 10 என்று வைத்தால் வரிசை குலையலாம். 01, 02 என்றே வையுங்கள். ஒருமுறை ஒழுங்குபடுத்திய பட்டியலை டிஎஸ்டி (.dsd) கோப்பாகச் சேமித்தால் அடுத்த ரிவிஷனுக்கு உதவும். பிடிஎஃப்பில் எழுத்துக்கெல்லாம் கமென்ட் பெட்டி முளைத்தால் பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் என்ற சிஸ்டம் வேரியபிளின் மதிப்பை 0 ஆக்குங்கள். பின்னணியில் ஓடும் பப்ளிஷ் பாதியில் தொங்கினால் பேக்கிரவுண்ட்பிளாட் என்ற வேரியபிளை 0 ஆக்கிப் பாருங்கள். கணினி சிறிது நேரம் கையில் கிடைக்காது, ஆனால் எந்த ஷீட்டில் நின்றது என்று கண்முன் தெரியும்.

நேரடியாகப் பிளாட்டருக்கு நான் அனுப்புவதே இல்லை. முதலில் பிடிஎஃப், அதில் பக்க எண்ணிக்கையை டிராயிங் பட்டியலோடு ஒப்பிடுவேன். பிறகு அதைப் பிரின்ட் செய்யும்போதும் ஒரு பொறி உண்டு: பிடிஎஃப் ரீடரில் 'ஃபிட்' தேர்வாகியிருந்தால், இதுவரை காத்த அளவெல்லாம் அங்கே போய்விடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றி, ஒரே ஒரு தாளை எடுத்து, அதில் எழுதியிருக்கும் ஒரு பரிமாணத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். சரியாக வந்தால் மீதி எழுபத்தொன்பது.