ஹயர் பேசமுதல் எண்ணெயைக் கேளுங்கோ

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஒரு வானை ஹயருக்குப் பிடித்தால் விடியமுதல் யாழ்ப்பாணம் என்றுதான் நாங்கள் எல்லாரும் கணக்குப் போடுவோம். பெற்றோல், டீசல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தால் முதலில் பிழையாகிப் போவது அந்தக் கணக்குத்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். உங்களை இறக்கிவிட்டு வெறும் வானைத் திருப்பிக் கொண்டுபோகவும் சாரதிக்கு டீசல் வேண்டும். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எண்ணெய் என்று அரசாங்கம் அறிவித்தபோது, பவுண்ஸ் வைத்திருந்தவரும் வரிசையில்தான் நின்றார்.

"கப்பல் வந்திட்டுதாம்" என்ற செய்தியை நம்பிப் பயணத்தைத் தொடங்காதீர்கள். கப்பலில் வந்தது கொழும்புப் பக்கம் கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய்க் களஞ்சியங்களுக்குப் போய், பவுசர் என்கிற எண்ணெய் லொறியில் ஏறி, ஏ9 வீதி வழியே வடக்குக்கு வரவேண்டும். பவுசர் ஓடாவிட்டால் கப்பல் வந்தும் பயனில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் கூலி கட்டாது என்று தனியார் பவுசர் உரிமையாளர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் நாட்டில் எண்ணெய் இருந்தது. விநியோகத்தர்களின் கழிவுப் (கொமிஷன்) பிரச்சினை ஒன்றாலேயே எண்ணெய் அடிக்கும் ஷெட்டுகளில் கியூ நீண்டது. ஆகவே ஊரில் இருப்பவரிடம், "உங்கட ஷெட்டுக்குக் கடைசியாய் எப்ப பவுசர் வந்தது?" என்று கேளுங்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் வாகனத்தைவிட சாரதியைப் பிடிப்பதுதான் கடினம். "அண்ணை, போக வர எண்ணெய் இருக்கோ?" என்று முதலே கேட்டு, கியூவில் நிற்கும் நாளுக்கும் கூலி பேசுங்கள். அது அவருக்கு உழைப்பில்லாத நாள். 2022 ஜூலையில், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் வாங்கும் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த 5 லீற்றரில் சொந்தக்காரர் வீடுகள், கோயில்கள் எல்லாம் ஒரே நாளில் சுற்றச் சொன்னால் மிச்சக் கிழமைக்கு அந்த மனிசன் என்ன செய்வார்? சாப்பாடு கொண்டுவரும் பொடியன்களுக்கும் அதே 4 லீற்றர்தான். பக்கத்துத் தெருக் கடைக்கு நடந்தே போகலாம், வெயில் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். அந்தக் கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. திரும்பத் தட்டுப்பாடு வந்தால் அந்த நேரத்து நடைமுறையைச் சாரதியிடமே கேளுங்கள், அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

ரயில் ஓடினால் ரயில்தான். யாழ்தேவியில் இருக்கையை முதலே பதிவு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைசி நேரத்தில் தேடி அலையவேண்டி வரும். சென்னை வழியாக வருபவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாமா என்றும் பாருங்கள், ஏ9 பயணமே தேவைப்படாது. ஊருக்குள் சைக்கிள் போதும்.

கானில் பெற்றோல் வாங்கி வைக்கும்படி மட்டும் வீட்டாரை நெருக்காதீர்கள். குசினி இருக்கிற வீட்டில் அது விளையாட்டில்லை.

திரும்பும்போது விமானத்துக்கு ஒரு நாள் முதலே கொழும்புக்கு வந்துவிடுங்கள். வெள்ளவத்தையில் ஒரு இரவுக்கு அறை எடுக்கும் காசு, புதிய டிக்கெட் எடுக்கும் காசுக்குக் கிட்டவும் வராது.