யாழ்ப்பாணத்தில் நடந்து போகும்போது வண்டி இடித்தால்: புதிதாக வரும் நம்மூர்க்காரர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ, கல்யாணமாகியோ, முகாமை விட்டுச் சொந்த ஊர் திரும்பியோ யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்கு வீடு, விசா, பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ரோட்டில் அடிபட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பேச்சும் கோயிலும் நமக்குப் பழகியதாக இருப்பதால், சட்டமும் நம்மூர் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். என் நண்பர் ஒருவர் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தார்.

முதலில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. 2018-லிருந்து வடக்கிலும் ஓடுகிறது. தனியார் ஆஸ்பத்திரி வசதிதான், ஆனாலும் முதலில் போதனா வைத்தியசாலைக்கே, அதாவது அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கே, போங்கள். சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்து எழுதும் அறிக்கைதான் பின்னால் கோர்ட்டில் பேசும். பொலிஸில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "கொஞ்சக் காசு வாங்கிக்கொண்டு இதோடு முடிப்போம்" என்று யாராவது சமாதானம் பேச வந்தால், கால் எக்ஸ்ரே வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் தஞ்சாவூர்க்காரர், கட்டட வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர். ஆஸ்பத்திரி வீதியில், மஞ்சள் கடவையில் (நம்மூர் ஜீப்ரா கிராசிங்), பாதி தூரம் தாண்டிய பிறகு ஒரு சாமான் வான் இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. டிரைவர் நல்ல பையன்தான். தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, இன்சூரன்ஸ்காரர் பாத்துக்கொள்ளுவினம்" என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் காப்புறுதிக் கம்பனி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பம்பரைப் படம் எடுத்தார், உடைந்த லைட்டைப் படம் எடுத்தார், டிரைவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வடிகால் ஓரம் ஒற்றைச் செருப்போடு கிடந்த மனிதரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் வந்தது வானுக்காக. நண்பரோ, இன்சூரன்ஸே நேரில் வந்து பார்த்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டார்.

நம்மூரில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரராகப் போட்டு வக்கீல் மனுச் செய்துவிடுவார், பணத்தைக் கம்பெனி கட்டும். இங்கே அப்படி ஒரு தீர்ப்பாயமே கிடையாது. பொலிஸ் நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் போடும் வழக்கு டிரைவரைத் தண்டிக்க. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது கொடு என்று நீதவான் உத்தரவிடலாம்தான், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முழு இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும், அதுவும் விபத்து நடந்த 2 வருடத்துக்குள். டிரைவரின் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். வண்டி அவருடையது என்பதற்காக மட்டும் உரிமையாளர் பொறுப்பாகிவிட மாட்டார். டிரைவர் உரிமையாளரின் வேலையாக ஓட்டினார் என்று காட்ட வேண்டும்.

நண்பர் கவிழ்ந்தது இதற்கும் அடுத்த படியில். 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 106-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட 7 நாளுக்குள்ளோ, இப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்று காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால், நீங்கள் ஜெயித்தாலும் அந்தத் தீர்ப்புப் பணத்தைக் கம்பனி கட்ட வேண்டியதில்லை. கால் தேற ஊருக்குப் போன நண்பர் கெடு முடியும் தறுவாயில்தான் திரும்பினார். சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பனி?" இவருக்குத் தெரியவில்லை. வான் அதற்குள் கைமாறியிருந்தது. கெடு தாண்டிவிடுமே என்று வழக்கைப் போட்டார்கள். கம்பனி பெயர் கிடைத்தபோது அந்த 7 நாள் போய்விட்டது. வருடக்கணக்காக அலைந்து தீர்ப்பும் சாதகமாகத்தான் வந்தது. டிரைவர் கையில் ஒன்றுமில்லை, பழைய உரிமையாளர் கடனில் இருந்தார், கம்பனி ஒரு பக்கக் கடிதத்தில் கையை விரித்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால், எழுந்து நிற்க முடியாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுத்து, டிரைவரின் காப்புறுதி அட்டையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கம்பனி பெயர், பொலிசி இலக்கம், வண்டி இலக்கம் மூன்றும் தெரிய வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் அட்டை இருக்கத்தான் வேண்டும். விட்டுப்போனால் அந்த வாரத்திலேயே பொலிஸில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அறிவித்தலை வழக்குக்கு முன்பே பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி, தபால் ரசீதின் பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவருக்குக் கையில் நூறு வழக்கு.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லையென்றால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலைக் குறிப்பு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் முதல் தடவையே கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று. நம் பக்கத்திலும் தவறு இருந்தால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைப்பார்கள். இங்கே பல வீதிகளில் நடைபாதையே இல்லை. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கண்டி வீதிப் பக்கம் போகாதீர்கள், அங்கே பஸ்காரர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் நம்மூர் மப்சல் பஸ்ஸே தேவலாம்.