விரல் மரத்தால் தைலத்தைத் தேடாதீர்கள், லேஸைப் பாருங்கள்

காலை ஏழரை மணி வரை வண்டி விடாத பீச் ரோடு, புதுச்சேரியில் நடக்கிறவர்களுக்கு ஒரு வரம். அங்கே இரண்டாவது சுற்றில் காந்தி சிலையைத் தாண்டும்போது என் வலது கால் விரல்கள் மரக்க ஆரம்பிக்கும். மூன்றாவது சுற்றில் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கும். கூட நடப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரத்த ஓட்டம் இல்லை, எண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர். சர்க்கரையாக இருக்கும் என்று பயமுறுத்தினார் இன்னொருவர். லேஸை அவிழ்த்துப் பார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்ற இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் தவறே இந்த ‘ரத்த ஓட்டம்’ என்ற தீர்ப்புதான். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் பொதுவாக நடக்க நடக்கக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நடக்கும்போது விரல் மரத்து, ஷூவைக் கழற்றிய சில நிமிடங்களில் சரியாகிவிட்டால், பெரும்பாலும் ஒரு நரம்பு எங்கோ நசுங்குகிறது என்று அர்த்தம்.

எங்கே நசுங்குகிறது? பாதத்தின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டும், நடுவில் சதையே இருக்காது. அந்த இடுக்கில்தான் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஷூ கழன்றுவிடக் கூடாது என்று லேஸை இறுக்கி முடிச்சுப் போடும்போது, அதை எலும்போடு சேர்த்து அழுத்துகிறோம். பாத மேடு உயரமாக உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். ஷூ நாக்கு உள்ளே மடிந்திருந்தாலும் இதே கதை. இதற்கு லேஸ் முழுவதையும் தளர்த்த வேண்டாம். தளர்த்தினால் குதிகால் வழுக்கும். மேடு இருக்கும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக அடுத்த துளைக்கு ஏற்றிவிட்டு, அதற்கு மேல் வழக்கம்போல் குறுக்கே கட்டுங்கள். எனக்குப் பாதிப் பிரச்சினை இதிலேயே போனது.

மீதிப் பாதி, அளவு. கல்லூரிக் காலத்திலிருந்து ‘எட்டாம் நம்பர்’ என்றே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். வயது ஏற ஏறப் பாதத்தின் வளைவு தணிந்து, பாதம் கொஞ்சம் நீளும், அகலும். கம்பெனிக்குக் கம்பெனி எட்டும் ஒன்றல்ல. போதாக்குறைக்குக் காலையில் வாங்கினேன். மாலைக்குள் பாதம் சற்று வீங்கும், நடந்தாலும் வீங்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே ஞாயிறு சந்தையில் வாங்கினாலும் சரி, நேரு வீதிக் கடையில் வாங்கினாலும் சரி, சாயங்காலம் போங்கள். நடக்கும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். (எல்லாருக்கும் கட்டைவிரலே நீளம் என்று இல்லை.) உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் இரு பக்கமும் வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். ‘போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்’ என்பது தோல் செருப்புக்குச் சரி. இன்றைய ஸ்போர்ட்ஸ் ஷூவிடம் அதை அதிகம் எதிர்பார்க்க முடியாது.

அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குவது இதற்கு நேர் எதிரான தவறு. கால் முன்னால் சறுக்கும், சறுக்காமல் இருக்க லேஸை இறுக்குவோம், மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

ஜிம்மில் கிராஸ் டிரெய்னர் (நின்றபடியே மிதிக்கும் இயந்திரம்) ஓட்டுகிறவர்களுக்கு மரப்பது தனி ரகம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் தரையை விட்டு எழும். அதில் எழுவதே இல்லை, முன்பாதத்தில் பாரம் அப்படியே நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தைக் குதிகாலுக்கு மாற்றி விரல்களை அசைத்தால் போதும். அப்புறம், நடந்து முடித்துக் கடற்கரைச் சுவரில் கால்மேல் கால் போட்டு அரசியல் பேசுகிறோமே, அதுவும் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் ஓடும் நரம்பை அழுத்திப் பாதத்தின் மேற்புறத்தை மரக்க வைக்கும்.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் எரிச்சலோடு மரத்து, ஷூவுக்குள் சின்னக் கல் கிடக்கிற மாதிரி இருந்தால் அது மார்ட்டன் நியூரோமாவாக இருக்கலாம். நரம்பைச் சுற்றியுள்ள திசு தடிக்கும் தொல்லை இது. கூர்முனை ஹீல்ஸ் போடும் பெண்களுக்கு அதிகம் வரும்.

இரண்டு காலிலும், எல்லா விரலிலும், ஷூ இல்லாதபோதும் மரத்து, சாக்ஸ் போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறினால் லேஸைப் பழி சொல்லிப் பயனில்லை. சர்க்கரை, பி12 வைட்டமின் குறைபாடு, நாள்பட்ட குடி எல்லாம் இப்படித்தான் காட்டும். கடைசியாகச் சொன்னதைப் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வகை மரப்புக்குச் சுடுதண்ணீரில் காலை வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான கை வைத்தியம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். மதிய வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதும் அப்படியே. நரம்புச் சத்து மாத்திரையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதையும் விடுங்கள். அதிலுள்ள பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மரப்போடு பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, ஒரு பக்கக் கையும் சேர்ந்து மரத்தாலோ, முதுகுவலியோடு தொடை இடுக்கில் மரத்துச் சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, ஷூவை மாற்றி இரண்டு மூன்று வாரம் கழித்தும் மரத்தால் டாக்டரைப் பாருங்கள். எந்த விரல், நடக்க ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஷூவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவரும் பார்க்கட்டும்.