முருங்கையிலைத் தூள் பக்கற்றில் என்ன எழுதலாம்?

என் முதல் ஸ்டிக்கரில் ஏழு வரி இருந்தது. சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தும். பிரஷரைக் குறைக்கும். இரத்தத்தைச் சுத்திகரிக்கும். கொழுப்பைக் கரைக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும். மூட்டு வலி தீரும். பக்க விளைவு இல்லை. 2021ஆம் ஆண்டு, கொரோனாக் காலம். கடையில் எந்தப் பக்கற்றைத் தூக்கினாலும் நோய் எதிர்ப்புச் சக்தி என்று போட்டிருந்த நேரம். நானும் நாலு பக்கற்றைப் பார்த்து எழுதினேன். மீதி இரண்டு வரியை அச்சகத்துத் தம்பி சேர்த்துத் தந்தார்.

நாலு மாதம் கழித்து எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மா ஒருவர் வீட்டு முற்றத்திலேயே தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தால் சீனி நானூறுக்கு மேல். பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "உன்ட பக்கற்றில போட்டிருக்கேகா, கட்டுப்படுத்தும் எண்டு. அதான் குளிசைய உட்டுட்டு இதக் குடிச்சன்." மூன்று கிழமை அவர் மெற்போமின் போடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. என் எழுத்தை அப்படியே நம்பியிருந்தார்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டில் இருந்து முருங்கையிலை, வல்லாரை, கறிவேப்பிலைத் தூள் செய்து விற்கும் பெண்கள் பலர் என்னிடம் "அக்கா, ஸ்டிக்கருக்கு என்ன போடுறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உங்கள் சாமான் எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறது என்று தீர்மானியுங்கள். எங்கள் இலங்கையில் மூன்று வாசல் இருக்கிறது. உணவென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது எங்கள் வாயில் பி.எச்.ஐ., வந்து பார்ப்பது இதன் கீழேதான். மருந்தென்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையும். உணவா மருந்தா என்று சட்டென்று சொல்ல முடியாமல் நடுவில் நிற்கும் பொருட்களும் இந்த அதிகாரசபையின் கையில்தான் இருக்கின்றன. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தென்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம்.

இதில் பலருக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் தூள் மாறாமலேயே வாசல் மாறிவிடும். வெளியே ஒட்டிய சொல் மாற்றிவிடும். "முருங்கையிலைத் தூள்" என்று போட்டால் அது சாப்பாட்டுச் சாமான். அதே தூளில் "நீரிழிவுக்கு" என்று ஒரு சொல் சேர்த்தால், நோயைத் தடுக்கிற, குணப்படுத்துகிற பொருள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது மருந்தின் வரைவிலக்கணம். என் வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ. தம்பி மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "அக்கா, மருந்தெண்டு எழுதியிருக்கிறீங்க. பதிவு எங்க?" என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே மீதி இருந்த முந்நூறு ஸ்டிக்கரையும் கிணற்றடியில் எரித்தேன்.

சரி, அப்படியென்றால் நல்லது எதையுமே எழுத முடியாதா? முடியும். சொல்லும் விதத்தில் மூன்று படி இருக்கிறது. உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1997இல் இதற்கொரு வழிகாட்டி போட்டது. பல நாட்டுச் சட்டங்களும் அதே சாயலில்தான் நடக்கின்றன. முதல் படி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது: "இரும்புச் சத்து உள்ளது." இரண்டாவது, அந்தச் சத்து உடம்பில் என்ன செய்கிறது என்பது: "இரும்புச் சத்து சாதாரண சிவப்பணு உருவாக்கத்துக்கு உதவுகிறது." மூன்றாவது, நோயின் பெயரைச் சொல்வது: "இரத்தச் சோகையைக் குணப்படுத்தும்." முதல் படிக்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். இரண்டாவதற்கு அறிக்கையோடு, அந்த வசனம் அந்த நாட்டில் ஏற்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது படியில் வீட்டுத் தொழில் செய்கிற நாங்கள் காலே வைக்கக் கூடாது.

இந்த முதல் படியிலேயே நான் நெடுநாள் தடுமாறினேன், ஆகவே கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலர்ந்த முருங்கையிலைத் தூளில் 100 கிராமுக்கு 28 மில்லிகிராம் இரும்பு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மண்ணுக்கு மண், இலையின் முற்றலுக்கேற்ப அது மாறும். இருந்தாலும் கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய விதிப்படி வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாள் மேற்கோள் அளவு 14 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு 15 பங்காவது, அதாவது 2.1 மில்லிகிராம், இருந்தால்தான் "இரும்புச் சத்து உள்ளது" என்று சொல்லலாம். "மிகுதியாக உள்ளது" என்று சொல்ல அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

இப்போது பாருங்கள். சாதாரண உணவாக விற்றால் அந்த அளவை 100 கிராமுக்குப் பார்ப்பார்கள். 28 மில்லிகிராம் தாராளமாகத் தாண்டும். அதே தூளை 500 மில்லிகிராம் கப்சூலாக அடைத்து, ஒரு நாளைக்கு இரண்டு என்று சப்ளிமென்ட் எனப்படும் குறைநிரப்பியாக விற்றால், ஒரு நாள் அளவுக்குத்தான் கணக்கு. இரண்டு கப்சூல் ஒரு கிராம். அதில் இரும்பு 0.28 மில்லிகிராம். நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரு சொல்லும் எழுத முடியாது. விலையோ கப்சூலுக்குத்தான் பல மடங்கு.

உணவு வாசலில் சட்டம் இடம் கொடுத்தாலும் நான் 100 கிராம் கணக்கோடு நிற்பதில்லை. யார் ஒரு நாளில் 100 கிராம் தூள் தின்னப் போகிறார்கள்? ஒரு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தாலும் அதில் 1.4 மில்லிகிராம், நாள் அளவில் நூற்றுக்குப் பத்து. ஆகவே எண் போடுவதென்றால் ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்றுதான் போட வேண்டும் என்பது என் எண்ணம். எண் சிறிதாகத்தான் தெரியும். வாங்குகிற ஆளுக்கு உண்மையில் கிடைக்கப்போவது அதுதானே. நீங்களும் இணையத்தில் கண்ட எண்ணைப் போடாமல் உங்கள் தூளைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. தனி ஒருவருக்குச் செலவு கூடத்தான். ஒரே ஊரில், ஒரே முறையில் காயவைக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாதிரியை அனுப்பினால் தாங்கும். காசு இல்லையென்றால் எண்ணைப் போடாமலே விற்கலாம், அதில் குறையில்லை.

சொற்களில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. "இரத்தத்தைச் சுத்திகரிக்கும்", "நச்சை வெளியேற்றும்", "உடலைக் குளிர்மையாக்கும்" போன்றவற்றில் நோயின் பெயர் இல்லையே என்று நினைப்போம். ஆனால் எதை அளந்து நிரூபிப்பது? நிரூபிக்க முடியாத சொல் வாங்குபவரை ஏமாற்றும் சொல்லாகத்தான் எடுக்கப்படும். "பக்க விளைவு இல்லை" என்பதை நான் எல்லாவற்றிலும் கெட்ட வசனமாக நினைக்கிறேன். கீரை வகைகளில் வைட்டமின் கே உண்டு. இதய வருத்தத்துக்கு, இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குளிசை போடுகிறவர் திடீரென்று தினமும் கீரைத் தூள் குடிக்கத் தொடங்கினால் அந்த மருந்தின் வேலை குறையலாம். இலைதானே என்று நாங்கள் சொல்லிவிடக் கூடாது.

படமும் பேசும். இதயம், சிறுநீரகம், சீனி குத்தும் மெசின், வெள்ளைக் கோட் போட்டவர், இவற்றில் ஒன்றை ஸ்டிக்கரில் போட்டால் எழுதாமலே எழுதிய மாதிரி. பேஸ்புக்கில் "எனக்குச் சீனி 300இல் இருந்து 120க்கு வந்தது, நன்றி அக்கா" என்று ஒருவர் எழுதியதை நீங்கள் எடுத்துப் பகிர்ந்தால் அது உங்கள் விளம்பரம். சந்தையில் வாயால் சொல்வதும் அப்படித்தான். என்னிடம் யாராவது "சீனிக்கு நல்லமா?" என்று கேட்டால், "இது சாப்பாடு, குளிசையை விடாதீங்க, கிளினிக்கில கேட்டுட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பக்கற்றைக் கொடுக்கிறேன். சிலர் வைத்துவிட்டுப் போவார்கள். போகட்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அங்குள்ள விதிதான் கணக்கு. லண்டனில் இருக்கும் மச்சாள் ஒரு பெட்டி அனுப்பச் சொன்னபோதுதான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் 1924ஆம் இலக்க விதியால் ஒரு முறை கொண்டுவந்தது: அனுமதிப் பட்டியலில் இல்லாத ஆரோக்கியக் கூற்றை, அதாவது உடம்புக்கு இன்ன நன்மை செய்யும் என்ற வசனத்தை, பக்கற்றில் எழுத முடியாது. நாடுகளிடமிருந்து ஏறத்தாழ 44,000 கூற்றுகள் போயின. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து 4,637 ஆக்கினார்கள். 2012இல் பட்டியல் வெளிவந்தபோது அதில் இருந்தவை 222. பெரும்பாலும் வைட்டமின்களும் கனியுப்புகளும்தான். மூலிகைகள் பற்றிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கூற்றுகள் முடிவு சொல்லப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டன. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

அதனால் குறைநிரப்பித் தொழிலே உருமாறிவிட்டது. மூட்டுக்கென்று விற்ற குளுக்கோசமினுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இப்போது அதே போத்தலில் வைட்டமின் சி சேர்த்து, "வைட்டமின் சி குருத்தெலும்பின் இயல்பான செயலுக்கு உதவுகிறது" என்று எழுதுகிறார்கள். மூலிகைக் கப்சூலில் கொஞ்சம் துத்தநாகம் போட்டு நோய் எதிர்ப்பு வசனத்தைத் துத்தநாகத்தின் பெயரில் எழுதுகிறார்கள். "புரோபயோட்டிக்" என்ற ஒரு சொல்லையே ஆரோக்கியக் கூற்றாக எடுத்துக்கொண்டதால் பல யோகட் பக்கற்றுகளில் அந்தச் சொல் மறைந்தது. பெரிய கொம்பனிகளுக்கு இப்படி வழி தேட ஆளும் பணமும் உண்டு. எங்களுக்கு இல்லை. ஆனாலும் விதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியம்மா விழுந்ததைப் பார்த்தவள் நான்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. 1994இல் வந்த சட்டப்படி குறைநிரப்பிகளில் "எலும்பைப் பலப்படுத்த உதவும்" என்பதுபோல் உடம்பின் இயல்பான வேலையைப் பற்றி முன் அனுமதி இல்லாமலே எழுதலாம். ஆனால் விற்கத் தொடங்கி 30 நாளுக்குள் எஃப்.டி.ஏ. என்ற அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்தக் கூற்றை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இந்தப் பொருள் இல்லை என்ற வாசகமும் பக்கற்றில் இருக்க வேண்டும். கனடாவில் 2004 முதல் இவ்வகை இயற்கைச் சுகாதாரப் பொருட்களுக்கு உரிம இலக்கம் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடம் ஐம்பது பக்கற் கொடுத்து "கடையில வை" என்று சொல்ல முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வெறுமையான ஸ்டிக்கரில் எதைப் போடுவது என்ற கவலை வரும். எனக்கும் வந்தது. ஏழு வரியையும் எடுத்த பிறகு வெறும் பெயரும் நிறையும் மட்டும் இருந்த தாளைப் பார்த்து யார் வாங்குவார் என்று நினைத்தேன். பிறகு, நான் உண்மையில் என்ன வேலை செய்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பறித்த இலை. காம்பு நீக்கி, மூன்று தண்ணீரில் கழுவி, திண்ணையில் பன்பாயில் பரப்பி நிழலில் காயவைத்தது. அந்தக் காற்றுக்கு இரண்டு நாளில் இலை கையில் நொறுங்கும்; வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். மாரியில் நான் தூள் செய்வதே இல்லை, ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். இவையெல்லாம் நான் கண்ணால் கண்டு, கையால் செய்தவை. யார் வந்து கேட்டாலும் காட்ட முடியும்.

இப்போது என் ஸ்டிக்கர் மூன்று மொழியிலும் இருக்கிறது. தமிழில் இப்படி:

"முருங்கையிலைத் தூள். சேர்மானம்: முருங்கையிலை மட்டும். தேறிய நிறை 100 கிராம். நிழலில் உலர்த்தியது. ஒரு தேக்கரண்டி கஞ்சியில், பருப்பில், ரொட்டி மாவில் சேர்த்துக்கொள்ளலாம். இது உணவு, மருந்துக்குப் பதில் ஆகாது. தொடர்ந்து குளிசை பாவிப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளவும். ஈரம் படாமல் இறுக மூடி வைக்கவும்."

அதன் கீழே தொகுதி இலக்கம், செய்த திகதி, முடியும் திகதி, என் பெயர், முகவரி. அச்சடிக்க முன் தாளை எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் பி.எச்.ஐ.யிடம் காட்டுங்கள். அவர்களைப் பிடிக்க வருகிற ஆட்களாக நினைத்து ஒளியாதீர்கள். என்னுடைய "மருந்துக்குப் பதில் ஆகாது" என்ற வரியை மேலே, பெரிய எழுத்தில் போடச் சொன்னது அந்தத் தம்பிதான்.

பெரியம்மா இப்போதும் மாதம் ஒரு பக்கற் வாங்குகிறார். கிளினிக் கொப்பியும் பக்கற்றும் ஒரே பையில்தான் இருக்கும். போன மாதம் டொக்டரிடம் இரண்டையும் காட்டி, சுண்டலில் ஒரு கரண்டி போடலாமா என்று கேட்டுவிட்டு வந்தாராம். "போடச் சொல்லிட்டார்கா," என்றார் படலையடியில் நின்று, "குளிசையும் போடச் சொன்னார்."