நைஸ்: எங்கே சறுக்குகிறோம்?

இட்லிக்கு உளுந்தை நைஸாக அரைக்கிறோம். வேலை சொல்வார்கள் என்று தெரிந்தால் நைஸாக நழுவுகிறோம். காரியம் ஆக வேண்டுமென்றால் நைஸாகப் பேசுகிறோம். மதுரையில் அன்றாடம் புழங்கும் இந்த மூன்றும் இன்றைய ஆங்கிலத்தின் நைஸ் அல்ல. நம் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரரிடம் 'நைஸ் காட்டன்' என்றால், 'நல்ல பருத்தி' என்றுதான் அவருக்குப் புரியும். யாரும் தன் சரக்கை அப்படித்தானே சொல்வார்கள்? மெல்லிய நூல் என்று சொல்ல 'ஃபைன் காட்டன்' என வேண்டும். கவுண்ட் என்கிற நூல் எண் கூடக் கூட நூல் மெலியும் என்பதால், 80 கவுண்ட் நூல் என்றால் அதையும் சொல்லிவிடலாம். மாவும் அப்படித்தான்: உலர்ந்த மாவு ஃபைன், ஆட்டிய உளுந்தும் சட்னியும் ஸ்மூத்.

நைஸாக நழுவியவனை 'ஹி நைஸ்லி வென்ட்' என்றால் பொருள் கெடும். நைஸ்லி என்றால் நன்றாக, பாங்காக. 'ஹி ஸ்லிப்ட் அவே' என்பதே சரி. நைஸ் பண்ணுகிறவனை 'ஹி இஸ் பட்டரிங் மீ அப்' என்று சொல்லலாம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனின் நெஸ்கியுஸ். அறியாதவன் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்பதே அர்த்தம். பிறகு நொட்டை சொல்கிற, மென்மையான, நுட்பமான என்று மாறிக்கொண்டே வந்தது. இனிமையான என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. பழைய 'நுட்பம்' இன்னும் சாகவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடப்போகும் சட்ட மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தீர்ப்பில் 'எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்று வந்தால் அது நல்ல கேள்வி அல்ல, மயிரிழை வேறுபாட்டை ஆராய வேண்டிய நுட்பமான சட்டக் கேள்வி. நல்ல கேள்வி என்று மொழிபெயர்த்தால் வாதத்தின் முனையே மழுங்கிவிடும்.

அடுத்தது 'ஆஃப்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொற்கள். வந்தவரைப் பாராட்ட 'இட்ஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்'. 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'ஃபார்' போட்டால், வருவது உங்களுக்கு இனிமையாக இருக்கும் என்று ஆகிவிடும். 'நைஸ் டு மீட் யூ' முதல் சந்திப்புக்கு மட்டும். தெரிந்தவரிடம் 'நைஸ் டு சீ யூ'. 'நைஸ் ட்ரை' என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம், முயற்சி பலிக்கவில்லை என்று அர்த்தம். 'நைஸ் அண்ட் ஹாட்' என்பதை நல்லதும் சூடானதும் என்று பிரிக்கக் கூடாது. அது நம் 'நல்ல சூடு'. ஜிகர்தண்டாவுக்கு 'நைஸ் அண்ட் கோல்ட்'.

கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலின் சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரத்தை 'வெரி நைஸ்' என்று எழுதினால், பார்க்காதவருக்கு எதுவுமே தெரியாது. உயரத்தைச் சொல்ல 'டவரிங்', சுதை வேலைப்பாட்டைச் சொல்ல 'இன்ட்ரிகேட்' இருக்கின்றன. ஒப்பிடும்போது 'மோர் நைஸ்' வேண்டாம். 'நைஸர்', 'நைஸஸ்ட்' என்றே எழுதுங்கள்.