காயலில் ஒரு வாரம்: கொல்லம் முதல் கொச்சி வரை

கேரளத்துக் காயல்களைப் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை ஆலப்புழையில் நண்பகலில் படகு வீட்டில் ஏறி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கி, மாலைக்குள் மூணாறு நோக்கி விரைந்துவிடுகின்றன. அந்த இருபத்தொரு மணி நேரத்தில் படகு உண்மையில் ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். காயலின் அழகு அவசரக்காரர்களுக்கு எட்டாது. ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால், கொல்லத்தில் தொடங்கி வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து கொச்சியில் முடிக்கலாம். ஒரே ஓர் இரவைப் படகு வீட்டிலும் மற்ற இரவுகளைக் கரையோர வீடுகளிலும் கழித்து, பகலில் உள்ளூர் மக்கள் ஏறும் அரசுப் படகுகளிலும் துடுப்பு வள்ளங்களிலும் செல்வதே நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் முறை. ஏழு இரவும் படகு வீட்டிலேயே தங்குவது செலவையும் சலிப்பையும் கூட்டுமே தவிர, ஓய்வைக் கூட்டாது.

இந்த வழியே செல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொல்லத்திலிருந்து கொச்சிக்கு வடக்கேயுள்ள கோட்டப்புறம் வரையிலான 168 கிலோமீட்டர் நீர்வழி, 1993-இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தேசிய நீர்வழியின் முதுகெலும்பு. தெற்கே அஷ்டமுடிக் காயல், நடுவில் காயங்குளம் காயல், வடக்கே இந்தியாவின் மிக நீளமான ஏரியாகிய வேம்பநாடு என இயற்கை நீர்ப்பரப்புகளை மனிதர் வெட்டிய கால்வாய்கள் இணைக்கின்றன. சாலைகள் பெருகுவதற்கு முன் நெல்லும் தேங்காயும் கயிறும் இவ்வழியேதான் சென்றன. 1968-இல் தொடங்கப்பட்டு, ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்வோருக்குமாக இன்றும் இங்கே படகுகளை ஓட்டுகிறது. சில பத்து ரூபாய்ச் சீட்டில் கிடைக்கும் இந்தப் பயணத்துக்கு ஈடான ஒன்றை எந்தச் சுற்றுலா நிறுவனமும் விற்பதில்லை.

எப்போது செல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் ஆலப்புழையை ஒட்டிய தாழ்நிலமான குட்டநாடு வெள்ளத்தில் மூழ்கும், படகுகளும் நிறுத்தப்படும். அக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடி மின்னலுடன் மழை இறங்கும் என்பதால், அந்த மாதங்களில் செல்வோர் படகுப் பயணத்தை முற்பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். என் தேர்வு பிப்ரவரி. கூட்டம் குறைந்திருக்கும், குட்டநாட்டின் ‘புஞ்ச’ப் பருவ நெல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்.

சென்னை, மதுரைப் பக்கத்திலிருந்து செல்வோருக்குச் செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் ரயில் பொருத்தமானது. தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும் அந்த மலைப்பாதை 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாக மறுபடியும் முழுமையாக இணைக்கப்பட்டது. கோவை, திருப்பூர்ப் பக்கத்தினர் இத்திட்டத்தைத் தலைகீழாக்கி எர்ணாகுளத்தில் தொடங்கலாம்.

கொல்லத்தில் இரண்டு இரவுகள் தங்குங்கள். படகுத்துறை, பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முதல் நாள் மாலை அஷ்டமுடிக் காயலில் ஒரு சுற்று போதும். மறுநாள் விடியற்காலையில், கல்லடை ஆறு காயலில் கலக்கும் இடத்திலுள்ள மன்றோ துருத்துக்குச் சென்று, கழி ஊன்றிச் செலுத்தும் சிறு வள்ளத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றிவாருங்கள். திருவிதாங்கூரின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரால் அழைக்கப்படும் இந்தத் தீவுக் கூட்டத்தில் வாய்க்கால்கள் மிகக் குறுகலானவை. சில பாலங்களின் அடியில் செல்லும்போது வள்ளத்தில் இருப்பவர் அனைவரும் குனிய வேண்டியிருக்கும். கடல் ஏற்றத்தின்போது வீட்டு முற்றங்களில் உப்புநீர் ஏறுவதும், அதனால் பலர் ஊரைவிட்டு வெளியேறியதும் இத்தீவின் மறுபக்கம். உள்ளூர் வள்ளக்காரர் ஒருவரை நேரடியாக அமர்த்திக்கொண்டால், நீங்கள் கொடுக்கும் பணம் அந்த ஊரிலேயே தங்கும். அஷ்டமுடியின் சிப்பி மீன்பிடிப்பு, 2014-இல் நிலையான மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது; அசைவம் உண்பவர்கள் சிப்பி வறுவலைத் தவறவிடக் கூடாது.

மூன்றாம் நாள் வடக்கே ஆலப்புழைக்குச் செல்ல வேண்டும். கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மணி நேரம் செல்லும் சுற்றுலாப் படகு ஓடும் காலங்களும் உண்டு, ஓடாத காலங்களும் உண்டு. திருக்குன்னப்புழையில், படகுகள் கடந்து செல்லும் மதகான நீர்ப்பூட்டில் நடந்த பணிகளும் அதற்குத் தடையாக இருந்திருக்கின்றன. ஆகவே முந்தைய நாளே படகுத்துறையில் நேரில் கேட்டுவிடுங்கள். ஓடினால் ஏறுங்கள், இந்த வாரத்தின் ஒரே நீண்ட பயணம் இதுவாகவே இருக்கட்டும். மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் இதே வழியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்றபோது, பல்லனையில் படகு கவிழ்ந்து உயிரிழந்தார். ஆலப்புழையை நெருங்கும்போது கருமாடியில், இடப்பக்கம் உடைந்த பழைய புத்தர் சிலை ஒன்று கால்வாயோரம் வீற்றிருக்கிறது. படகு இல்லையெனில் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆலப்புழையை அடையலாம். அவ்வாறு செல்வோர் வழியில் அம்பலப்புழையில் இறங்கி, கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்தையும் கருமாடிச் சிலையையும் ஒரே பகலில் முடித்துக்கொள்ளலாம்.

ஆலப்புழை நகரத்தில் தங்க வேண்டாம். அங்கிருந்து அரசுப் படகேறிக் கைநகரி, நெடுமுடி, சம்பக்குளம் போன்ற குட்டநாட்டு ஊர்களில் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்குவதே இந்த வாரத்தின் நடுநாயகம். வீட்டு விடுதியை முன்கூட்டியே பேசி வைத்து, எந்தத் துறையில் இறங்க வேண்டும், அங்கிருந்து அவர்களுடைய வள்ளம் வருமா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சக்கரப் பெட்டி பெருஞ்சுமை. தோளில் மாட்டும் பை ஒன்று ஆளுக்குப் போதும். படகு துறையில் நிற்பது அரை நிமிடந்தான்.

குட்டநாட்டில் படகில் அமர்ந்தபடி இருபுறமும் பார்த்தால், வயல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே தெரியும். கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் வரப்பு கட்டி, நீரை வெளியே இறைத்து நெல் விளைவிக்கும் இந்த முறையை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. ‘பெட்டியும் பறையும்’ எனப்படும் மர இறைவைப் பொறியைப் பார்க்க முடிந்தால் சற்று நின்று பாருங்கள்; நீரை மேலேற்றித் தோடு எனப்படும் சிறு கால்வாயில் கொட்டும் அந்தப் பெட்டியை நம்பியே இங்குள்ள நெல் நிற்கிறது. சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்னும் காயல் நிலங்களை 1940-களில் ஜோசப் முரிக்கன் என்பவர் வேம்பநாட்டிலிருந்து மீட்டெடுத்தார். முங்கி முங்கிச் சேறெடுத்து அந்த வரப்புகளை எழுப்பியவர்கள் கூலித் தொழிலாளர்கள். ஒரு நாள் முழுவதும் திட்டம் எதுவுமின்றி, காலையில் ஏதாவதோர் அரசுப் படகில் கடைசித் துறை வரை சென்று அதே படகில் திரும்பி வாருங்கள். மதியத்துக்குக் கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் குடம்புளி இட்ட மீன்கறியும், இரவுக்கு வாத்துக்கறியும் வீட்டிலேயே சமைத்துத் தருவார்கள்; சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் நாளைப் படகு வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டிச் செய்யப்பட்ட கெட்டுவள்ளம் முன்பு நெல் சுமந்தது. அதுவே இன்றைய படகு வீட்டின் மூலம். இணையத்தில் படம் பார்த்துப் பணம் கட்டுவதைவிட, கூட்டமில்லாத காலத்தில் முற்பகலிலேயே புன்னமடைப் படகுத்துறைக்குச் சென்று இரண்டு மூன்று படகுகளில் ஏறிப் பார்த்து முடிவு செய்வது மேல். பதிவுச் சான்றும் பயணிகள் எண்ணிக்கைக்கான உரிமமும் இருக்கின்றனவா, உயிர்காப்பு அங்கிகள் எல்லோருக்கும் போதுமா, கழிவுநீர் தொட்டியில் சேர்கிறதா நேரே காயலில் விழுகிறதா என்பவற்றை முதலில் கேளுங்கள். கேரள சுற்றுலாத் துறை சூழலுக்கு இணக்கமான படகுகளுக்குப் பசும்பனைச் சான்றிதழ் வழங்குகிறது; அதைப் பெற்ற படகுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். குளிர்சாதனம் பல படகுகளில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் இயங்கும். கரிமீன் தவிர்த்த சாப்பாடுதான் பேசிய விலையில் அடங்கும் என்று பின்னர் தெரியவந்து மனத்தாங்கல் உண்டாவதைத் தவிர்க்க, உணவுப் பட்டியலை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கேட்பதில்லை. இரவில் படகு எங்கே கட்டப்படும் என்பதே அது. மீனவர்கள் வலை விரிப்பதால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குமேல் படகு வீடுகள் ஓடக் கூடாது. நாற்பது படகுகள் வரிசையாக நிற்கும் கரையில் உங்கள் படகும் கட்டப்பட்டால், இரவு முழுவதும் பக்கத்துப் படகின் மின்னாக்கி ஓசையையும் பாட்டையும் கேட்க நேரும். கிராமத்துக் கால்வாயோரம் தனியாகக் கட்டுவதாக முன்பே ஒப்புக்கொள்ளச் செய்தால், அந்த இரவின் இயல்பே மாறிவிடும். படகுக்காரர்கள் குறுகிய தோடுகளுக்குள் படகு வீடு நுழையாது என்பார்கள், அது உண்மை. அதற்காகத்தான் முன்னிரண்டு நாட்களை வள்ளத்தில் கழிக்கச் சொன்னேன்.

ஆறாம் நாள், ஆலப்புழைக்கு வடக்கேயுள்ள முஹம்மாவிலிருந்து வேம்பநாட்டைக் குறுக்கே கடந்து குமரகத்துக்கு அரசுப் படகில் செல்லுங்கள். திறந்த ஏரியின் அகலம் அப்போதுதான் விளங்கும். வழியிலுள்ள பாதிராமணல் தீவும், கரையேறிய பின் குமரகம் பறவைகள் காப்பகமும் காலை நேரத்துக்கு உரியவை. இங்கிருந்து வடக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை, நெல்லுக்கு உப்புநீர் ஏறாதபடி, வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மூடி வைப்பார்கள். அந்நாட்களில் தெற்குப் பகுதியில் நீர் தேங்கி ஆகாயத்தாமரை அடர்ந்துவிடுவதால், சில தோடுகளில் வள்ளம் நுழைய முடியாமல் போகலாம்.

ஏழாம் நாள் பேருந்தில் வைக்கம் செல்லுங்கள். 1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் பெரியார் சிறைப்பட்டதும், 1925 மார்ச்சில் காந்தி இந்தப் படகுத்துறையில் வந்திறங்கியதும் நம் வரலாற்றோடு கலந்தவை. தமிழ்நாடு அரசு புதுப்பித்த பெரியார் நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரு மணி நேரமாவது அங்கே செலவிடுங்கள். வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’, இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகு. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் நீரின் ஓசை கேட்கும். வைக்கத்திலிருந்து பேருந்தில் வைற்றிலா சென்றால், 2023-இல் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் முனையம் அங்கேயே இருக்கிறது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2002 ஜூலையில் முஹம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு மூழ்கி 29 பேரும், 2023 மே மாதம் தானூரில் இருட்டிய பின் ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேரும் இறந்தனர். இரண்டிலும் அளவுக்கு மிஞ்சிய கூட்டம் இருந்தது. படகு நிரம்பியிருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். ஓய்வுக்காக வந்தவருக்கு ஒரு மணி நேரம் இழப்பல்ல. குழந்தைகளுக்கு அங்கி அணிவித்த பின்பே படகை எடுக்கச் சொல்லுங்கள். நீந்தத் தெரிந்தவர்களும் காயலில் குதிக்கக் கூடாது. அடியில் சேறும் கொடியும் காலைப் பிடிக்கும். வெள்ளத்துக்குப் பின் குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் பரவுவதுண்டு என்பதால், காலில் புண்ணுள்ளவர்கள் தேங்கிய நீரில் நடக்க வேண்டாம். கொசு விரட்டியும் குடையும் அவசியம். எங்கும் நீராகத் தெரியும் குட்டநாட்டில் குடிநீர் அரிது. பெரிய குப்பிகளில் நிரப்பிக்கொண்டு சென்று, காலிக் குப்பிகளைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். தோட்டுக்கரைப் படிகளில் குளிப்பவர்களையும் துவைப்பவர்களையும் படம் எடுக்காதீர்கள். உங்களுக்குக் காட்சியாகத் தெரியும் அந்தப் படி அவர்களுடைய வீட்டு முற்றம்.

முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் மன்றோ துருத்து போன்ற தீவுகளையும் சிறு வள்ளங்களையும் தவிர்த்து, கொல்லத்தில் ஓர் இரவைக் குறைத்துக் குமரகத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்; குமரகத்தில் சாலை வீட்டு வாசல்வரை வரும். திரும்புவதற்கான ரயில் சீட்டை எர்ணாகுளத்திலிருந்து எட்டாம் நாள் மாலைக்கு எடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால், படகு வீட்டைப் பேசுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.